ராவைக்கு என்ன கறி?

அவர் எங்களில் ஒருவரிடமும் சுகமா என்று கேட்டதில்லை. நான் காய்ச்சலோடு வேலைக்குப் போயிருக்கிறேன். கலியாணம் முடித்த அடுத்த கிழமை போயிருக்கிறேன். ஊரடங்கு தளர்த்திய அரை மணித்தியாலத்துக்குள் சைக்கிளில் விழுந்தடித்துக்கொண்டும் போயிருக்கிறேன். எப்போது போனாலும், முதல்நாள் இரவுச் சாப்பாட்டைப் பற்றிய ஒரே கேள்விதான்.

"ராவைக்கு என்ன கறி மனே?"

கல்முனையில் மின்கம்பம் நட்டுக் கம்பி இழுக்கும் வேலையைக் கொந்தராத்துக்கு எடுத்துச் செய்த ஒரு கம்பெனியில் நாங்கள் ஒரு குழு. அவர் போர்மன். அவருக்குக் கீழே மூன்று பேர்: சாய்ந்தமருது றபீக், காரைதீவு யோகன், சம்மாந்துறையிலிருந்து போகிற நான். மூன்று பேருக்கும் அவர் காக்கா. யோகனும் அண்ணன் என்று சொல்லாமல் காக்கா என்றுதான் கூப்பிடுவான். அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. ஏன் என்பது வாசித்து முடிக்கும்போது விளங்கும்.

காலை ஏழு மணிக்கு, கம்பெனி முற்றத்தில், கம்பி சுற்றி வந்த வெறும் மர உருளை ஒன்றின் மேல் அவர் உட்கார்ந்திருப்பார். குள்ளமான ஆள். வலது முழங்கால் மடங்காது. இளவயதில் மின்கம்பப் போஸ்டிலிருந்து விழுந்ததன் மிச்சம். கையில் எனாமல் கோப்பை நிறையப் பிளேன்டி. நாங்கள் வரிசையாக வந்து நிற்போம். ஒவ்வொருவராகக் கேட்பார். கேட்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்ப்பார். பதில் வந்ததும் ஒரு மிடறு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அன்றைய வேலையைப் பிரிப்பார். இவன் ஏறுகிறது, இவன் கீழே கயிறு பிடிக்கிறது, இவன் லொறியில் நிற்கிறது என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுவார்.

முதல் மூன்று மாதம் நான் அவரை ஒரு சாப்பாட்டு ராமன் என்றே நினைத்தேன். எங்கள் போர்மன் அடுத்தவன் வீட்டுச் சட்டியை நினைத்தே உயிர் வாழ்கிற மனுசன் என்று உம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நோன்பு மாதத்தில் என்னிடமும் றபீக்கிடமும், விடியுமுன் தின்கிற சஹருக்கு என்ன கறி என்று மாற்றிக் கேட்பார். அதுவும் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

ஒருநாள் வாப்பாவோடு பெரிய சண்டை. சோற்றுக் கோப்பையை அப்படியே தள்ளிவிட்டு எழும்பியவன், விடியவும் அவர் முகத்தைப் பார்க்காமல் வேலைக்குப் போய்விட்டேன். காக்கா கேட்டார். ஞாபகமில்லை என்றேன், கொஞ்சம் எரிச்சலோடுதான்.

"எனக்கு இண்டைக்குக் கீழ ஒரு நல்ல ஆள் வேணும் மனே. நீ நில்லு."

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. லைன்மேன் என்றால் ஏறுகிறவன். கீழே கயிறு பிடிக்கிறது புதிதாக வந்தவன் செய்கிற வேலை. ஆனால் அன்று பத்து மணிக்குள் ஸ்பேனர் பையை மேலே அனுப்பும் கயிற்றில் இரண்டு தரம் முடிச்சைப் பிழையாகப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு போடுகிற முடிச்சு அது. இரண்டாம் தரம் பை பாதி வழியில் அவிழ்ந்து, என் காலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. மேலே இருந்த றபீக் குனிந்து பார்த்துச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மேலே இருந்திருந்தால் அந்த முடிச்சு என் இடுப்புப் பெல்ட்டில் இருந்திருக்கும்.

அன்றைக்குத்தான் அந்தக் கேள்வி எதற்கென்று விளங்கியது. மனம் வீட்டில் இருக்கிறவனுக்குத் தின்ற கறி ஞாபகம் இருக்கும். மனம் எங்கேயோ போனவனுக்கு, வயிறு நிறையத் தின்றிருந்தாலும், என்ன தின்றோம் என்று சட்டென்று சொல்ல வராது. இதை அவர் ஒருநாளும் எங்களுக்கு விளக்கியதில்லை. கீழே நிறுத்துகிற நாட்களில் காரணம் எப்போதும் அவருடையதாகவே இருக்கும். எனக்கு ஆள் வேணும், எனக்கு முழங்கால் ஏலா, எனக்குக் கண் மங்குது. உனக்கு ஏலாது என்று ஒருவனைப் பார்த்தும் அவர் சொன்னதில்லை. அந்த மரியாதையை நான் பிறகு வேலை செய்த ஒரு இடத்திலும் காணவில்லை.

பதில் நீண்டாலும் அவர் ஏற்க மாட்டார். சண்டை ஓய்ந்திருந்த அந்தக் காலத்திலும் தமிழ் ஊர்களில் ஆயுதக்காரர் படைக்குப் பிள்ளை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காலையில் யோகன் இறால் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பப்படம், பொரித்த மிளகாய் என்று அடுக்கிக்கொண்டே போனான். சாதாரணமாக அவன் மீன் என்று ஒரு சொல்லில் முடிக்கிறவன். காக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, லொறியில் கம்பி உருளைக்குக் காவலாக அவனை நிற்கச் சொன்னார். பகல் சோற்று நேரம் அவன் லொறிக்குப் பின்னால் நின்று அழுதான். முதல்நாள் அந்தியில் அவனுடைய தம்பியைக் கொண்டுபோயிருந்தார்கள்.

காக்கா அன்று பின்னேரம் லொறியைக் காரைதீவுக்கு விடச் சொல்லி, யோகன் வீட்டு வாசலில் ஒரு கதிரை வாங்கிப் போட்டு, அவனுடைய தாய்க்கு முன்னால் ஒரு மணித்தியாலம் சும்மா உட்கார்ந்திருந்தார். தொப்பி போட்ட ஒருவர் தமிழ் ஊர் வீதியில் அப்படி உட்காருகிற காலமல்ல அது. நான் லொறிக்குள் இருந்து நகம் கடித்துக்கொண்டிருந்தேன். எப்போதடா எழும்புவார் என்றுதான் எனக்கு இருந்தது.

இவ்வளவு கெட்டிக்காரத்தனமான அந்தக் கேள்வி ஒரே ஒருநாள் பிழையாகிப் போனது. பிழையாக்கியவன் நான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சுனாமி ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கத்து வீடுகள் அத்திவாரத்தோடு போயின. காக்காவின் வீடும் போனது. அவருடைய மனைவியும் போனார். இரண்டாம் நாள் ஜனாசாவை அடக்கிவிட்டு, இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட முகாமில் ஒரு வகுப்பறையில் தங்கினார். அதே முகாமில் இன்னொரு வகுப்பறையில் றபீக்கும் அவன் பெண்சாதியும். அவர்களுடைய நாலு வயது மகளைக் காணவில்லை. மையித்தும் கிடைக்கவில்லை. யோகனின் வீடு ரோட்டுக்கு மேற்கே இருந்ததால் தப்பியது. சம்மாந்துறைக்குக் கடல் வரவேயில்லை. நான் வீட்டில் தின்று, வீட்டில் உறங்கி, வீட்டிலிருந்து வேலைக்குப் போனேன். அது ஒரு குற்றம்போல அப்போது நெஞ்சில் கிடந்தது.

ஐந்தாம் நாள் காக்கா வேலைக்கு வந்தார். மர உருளை வெள்ளத்தில் போய்விட்டது. மண்ணில் பாதி புதைந்திருந்த ஒரு போஸ்டின் மேல் உட்கார்ந்தார். எனாமல் கோப்பை இல்லை. யாரோ கொடுத்த பிளாஸ்டிக் கப். நாங்கள் மரணத்துக்குச் சொல்கிற இன்னாலில்லாஹி சொன்னோம். யோகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர் தலையை ஆட்டினார். பிறகு ரோட்டைப் பார்த்தபடி, வழமைபோல, ராவைக்கு என்ன கறி என்று கேட்டார்.

 றபீக்கின் காதில் கேள்வியே விழவில்லை. எனக்குக் கீழ ஆள் வேணும் மனே என்றார் காக்கா. அடுத்த நாளும் அப்படியே. நாலு நாள் அவன் கீழே நின்றான். நானும் யோகனும் விடிந்ததிலிருந்து பொழுது படும் வரை ஏறி ஏறி இறங்கினோம். மூன்றாம் நாள் என் வலது தோள் பிசகி, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போய்விட்டது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. குடும்பத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு நடுவில் நின்று தோள் நோகுது என்று எப்படிச் சொல்வது?

வேலை தொடங்கி ஐந்தாம் நாள் காலை, முற்றத்துக்கு வரும் வழியில் றபீக் என்னை மறித்தான். இராமுழுக்கக் கடற்கரையிலும் தோணா வாய்க்கால் ஓரத்திலும் மகளைத் தேடி நடக்கிறான் என்று எனக்குத் தெரியும். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. சாரனில் சேறு.

"இன்னொரு நாள் என்னக் கீழ நிப்பாட்டினா எனக்கு விசர் புடிச்சிரும் மச்சான். மேல ஏறினா அந்தக் கொஞ்ச நேரமாவது கைதான் வேல செய்யும், தல செய்யா. காக்காக்கிட்ட நான் என்ன சொல்ற?"

"பருப்பு எண்டு சொல்லன்" என்றேன். "முகாமில எல்லாருக்கும் அதானே."

நினைத்துப் பாருங்கள், எவ்வளவு சுலபம். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு சட்டி இருந்த காலத்தில் அந்தக் கேள்விக்கு ஏமாற்றுப் பதில் கிடையாது. இப்போது முகாமில் ஒரே கிடாரத்தில் ஒரே பருப்பு. தின்றவனும் பருப்பு, தின்னாதவனும் பருப்பு. இதை நான் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அவன்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். பாதி உண்மை. அவன் ஏறினால் நான் ஏறத் தேவையில்லை. அது மற்றப் பாதி.

காக்கா கேட்டார். றபீக் பருப்பு என்றான். நல்ல சத்தமாக, சட்டென்று சொன்னான். காக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ரோட்டில் பஸ் இல்லை. வழமையைவிடக் கொஞ்சம் கூட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். பிறகு றபீக்கையும் யோகனையும் ஏறச் சொன்னார். என்னைக் கீழே நிறுத்தினார்.

அன்றைய வேலை மூன்று முகாம்களுக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்புக்குப் போகும் லைன். கிணறெல்லாம் உப்பும் சேறும். முகாம்களில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியிருந்தது. பொழுது படுவதற்குள் பம்ப் ஓட வேண்டும் என்று மேலிடத்துச் சொல். யோகன் பம்ப் அறைக்கு அந்தப் பக்கத்துப் போஸ்டில் ஏறினான். றபீக் இந்தப் பக்கம்.

எங்கள் வேலையில் ஒரு ஒழுங்கு உண்டு. கரண்ட் நிறுத்திய கம்பி என்றாலும் முதலில் டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு, தவறி வருகிற கரண்டை மண்ணுக்கு இறக்கும் ஏர்த் கம்பியைக் கொழுவ வேண்டும். அதற்குப் பிறகுதான் கை வைக்கலாம். றபீக் இதை ஆயிரம் தரம் செய்தவன். எனக்கு முதன்முதலில் காட்டித் தந்தவனே அவன்தான். அன்று உச்சிக்குப் போனவன், பெல்ட்டைக் கொழுவிவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேலே நின்றால் இடிந்த வீடுகளுக்கு அப்பால் தோணா கடலில் விழுகிற வாய் வரைக்கும் தெரியும். நான் கீழே நின்று அவன் முகத்தைப் பார்த்தேன். பார்த்தும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று விட்டேன்.

நாலு வீடு தள்ளி, நிவாரண வேலைக்கு வந்த யாரோ வாடகைக்கு எடுத்த வீட்டில் ஜெனரேட்டரைப் போட்டார்கள். மெயின் சுவிட்சை நிறுத்தாமல் நேரே வீட்டு வயரில் கொடுத்திருந்தார்கள். மண் அள்ளுகிற இயந்திரத்தின் இரைச்சலில் ஜெனரேட்டர் சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. செத்த கம்பிக்கு அந்த வீட்டுப் பக்கமிருந்து உயிர் வந்தது. றபீக் கடலிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டிக் கம்பியைப் பிடித்தான்.

யோகன் தன் போஸ்டிலிருந்து சறுக்கி இறங்கி, ஓடிப்போய் ஜெனரேட்டரைத் தேடி நிறுத்தினான். நோகிற தோளோடு நான்தான் ஏறி றபீக்கை இறக்கினேன். பெல்ட்டில் தொங்கினான். ஏர்த் கம்பி சுருள் அவிழாமல் அவன் தோளிலேயே கிடந்தது. காக்கா மடங்காத காலை நீட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வாங்கினார். அன்றே, அஸர் தொழுகைக்கு முன்னமே அடக்கிவிட்டோம். மறுநாள் நானும் யோகனும் போய் மிச்ச வேலையை முடித்தோம். பம்ப் ஓடியது.

கம்பெனி எஞ்சினியர் வந்து விசாரித்தார். இப்படி ஒரு நிலைமையில் இருந்தவனை ஏற விட்டது யார் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கத்தான் நினைத்தேன், அல்லாஹ்வுக்குத் தெரியும். அதற்குள் காக்கா, நான்தான் ஏறச் சொன்ன, கையெழுத்து எங்க வைக்கிற என்று கேட்டுவிட்டார். அவரைக் குழுவிலிருந்து எடுத்து ஸ்டோருக்குக் காவல் வைத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் துருப்பிடித்த ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் இருந்தார். நான் நாளாந்தம் அந்த ஸ்டோரைத் தாண்டித்தான் போனேன். ஸலாம் சொல்வேன். அவ்வளவுதான்.

ஆள் தட்டுப்பாட்டில் அவரைத் திரும்பவும் எங்களிடம் அனுப்பினபோது கிழக்கில் மறுபடி சண்டை தொடங்கியிருந்தது. ரோட்டுக்கு ரோடு சோதனைச் சாவடி. முதல்நாள் காலை நான் அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டே போய் நின்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. திங்கள் இன்னார், செவ்வாய் இன்னார் என்று முறை எழுதியிருந்தது. முறைப்படி ஏறினோம், முறைப்படி இறங்கினோம். பொதுவில் நீதியான ஏற்பாடுதான். அந்தத் தாள் சுவரில் இருந்த காலத்தில் யோகனும் புதிதாக வந்த ஒரு மருதமுனைப் பெடியனும் மூன்று மாதம் பேசாமலே ஒரே கயிற்றைப் பிடித்தார்கள். அந்தப் பெடியன் ஒருநாள் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டான். அதற்கு முதல்நாள் அவன் வீட்டில் என்ன நடந்தது என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. யோகன் ஒரு மாத முடிவில் சொல்லாமல் கொள்ளாமல் கட்டாருக்குப் போய்விட்டான். நாங்கள் ஒரு குழுவாக இருந்தது எப்போது முடிந்தது என்று யாராவது என்னிடம் கேட்டால், அந்தத் தாளைத்தான் காட்டுவேன்.

யுத்தம் முடிந்தது. சாவடியில் ஆமிக்காரர் பாற்சோறு கொடுத்தார்கள், பட்டாசு வெடித்தது. நாங்களும் கையை நீட்டி வாங்கித் தின்றோம். அடுத்த மாதம் கம்பெனிக்கு வெளிநாட்டுக் காசில் ஒரு பெரிய லைன் வேலை கிடைத்தது. காசு கொடுத்தவர்கள் ஊழியரின் மனநலத்துக்கும் ஒரு பயிற்சி வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்களாம். கல்யாண மண்டபம் ஒன்றில் முப்பது பேரை வட்டமாகக் கதிரையில் இருத்தினார்கள். கொழும்பிலிருந்து ஒரு பிள்ளை வந்திருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும், யாழ்ப்பாணப் பேச்சு. வேலை செய்யும் குழு ஒருவரின் உணர்வை மற்றவர் அறிந்து நடக்க வேண்டும் என்று நன்றாகத்தான் விளக்கினாள். சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. பிறகு முகம் கீறிய அட்டைகளை மேசையில் பரப்பினாள். சிரிக்கிற முகம், அழுகிற முகம், கோப முகம். இன்று நாம் இருக்கிற மாதிரி ஒன்றை எடுத்துக் காட்ட வேண்டும். முப்பது ஆம்பிளைகளும் முண்டியடித்துச் சிரிக்கிற முகத்தை எடுத்தார்கள்.

காக்காவின் முறை வந்தது. அடுத்த மாதம் அவருக்கு ஓய்வு.

"ஐயா, நீங்களும் ஒண்டு எடுங்கோ."

அவர் அட்டையைத் தொடவில்லை. ஜன்னலுக்கு வெளியே ரோட்டைப் பார்த்தார். நாலரை வருடத்துக்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்டேன்.

"புள்ள, ராவைக்கு என்ன கறி?"

மண்டபம் சிரித்தது. அவளும் சிரித்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.  சாப்பிட்டனான் என்றாள், என்னெண்டு தெரியேல்லை என்றாள், கையிலிருந்த அட்டைக் கட்டை மேசையில் வைத்துவிட்டு மறுபடியும் எடுத்தாள். சிரிப்பெல்லாம் ஓய்ந்துவிட்டது.

"எனக்கு இப்ப ஒரு பிளேன்டி வேணும் புள்ள" என்றார் காக்கா. "இந்தக் காலோட கனநேரம் இருக்க ஏலா. கொஞ்சம் நிப்பாட்டுவமா?"

அவள் தலையை ஆட்டிவிட்டுப் பின்பக்கத்துக் கிணற்றடிக்குப் போனாள். அவளுடைய அக்காவும் பிள்ளைகளும் கடைசிச் சண்டை நடந்த வன்னிக்குள் இருந்தவர்கள் என்றும், ஒரு மாதத்துக்கு மேலாக உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடத் தகவல் இல்லை என்றும் பின்னேரம் தெரிந்தது. காக்கா தேத்தண்ணிக் கோப்பையோடு போய், அவளுக்குப் பத்தடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். அவளைப் பார்க்கவில்லை. அவள் அழுது முடித்து, முகம் கழுவி, உள்ளே போகும் வரை அங்கேயே இருந்தார்.

நான் அவருக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரையைப் போட்டேன். இதைவிட்டால் இனி ஒருநாளும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"காக்கா, அண்டைக்கு றபீக்குக்குப் பருப்பு எண்டு சொல்லிக் குடுத்த நான்தான்."

அவர் திடுக்கிடவில்லை. ஒரு மிடறு குடித்தார்.

"அதுக்கு முதல்நாள் ராவைக்குச் சோத்து லொறி வரல்ல மனே."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"முகாமில ஒருத்தரும் திங்கல்ல. என்ட ரெண்டு புள்ளையும் பசியில அழுதழுதுதான் உறங்கின. அவன் பருப்பு எண்ட உடனே எனக்குத் தெரியும், அவன் ராமுழுக்க முகாமில இருக்கல்ல எண்டு."

லொறி வராதது எனக்கும் தெரியாது, கடற்கரையில் நடந்த றபீக்குக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும்.  நாலரை வருடம் நான் தனியாகச் சுமந்தேன் என்று நினைத்தது தனியாகச் சுமந்ததல்ல. அது ஆறுதலாக இருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். ஆறுதலாக இல்லை. எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது.

"அப்ப ஏன் காக்கா ஏறச் சொன்ன?"

அவர் மெதுவாகச் சொன்னார். இளைய மகளுக்கு இரண்டு நாளாக வயிற்றோட்டம். அன்று பொழுது படுவதற்குள் தண்ணீர் வராவிட்டால் பிள்ளை தாங்காது என்று நினைத்தாராம். நான் கப்பை இடது கையால் பிடிப்பதைக் கண்டு என் தோள் போய்விட்டதையும் அறிந்திருந்தார். யோகன் ஒருவன். ஏற இரண்டு பேர் வேண்டும்.

"பொய்யெண்டு தெரிஞ்சுதான் எடுத்துக்கிட்டன். அண்டைக்கு எனக்கு அந்தப் பொய் தேவப்பட்ட."

 உள்ளே அட்டைகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. மனைவியை மண்ணில் வைத்த மூன்றாம் நாள் வேலைக்கு வந்து எங்கள் மூன்று பேரையும் கேட்டவர் அவர். நாங்கள் மூன்று பேரும் வரிசையாக நின்று பதில் சொன்னோமே தவிர, அந்தக் கேள்வியை அவரிடம் திருப்பிக் கேட்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. அன்றும் தோன்றவில்லை, அதற்கு முந்திய எந்த நாளிலும் தோன்றவில்லை.

"றபீக் ஏறின அண்டைக்கு ஆராவது ஒங்களுக்கிட்ட ராவைக்கு என்ன கறி எண்டு கேட்டிருந்தா, காக்கா?"

அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுத்து என் முகத்தைப் பார்த்தார்.

"பருப்பு எண்டுதான் சொல்லியிருப்பன்" என்றார்.